ஓயாத உளவுநிரல் எச்சரிக்கை: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி ஆண்டுகள் பல ஆகியும் ஊரார் வாயில் பத்தாங் பெர்ஜுந்தையாகவே இருக்கும் எங்கள் மலேசியப் பட்டணத்தில், சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளிலிருந்தும் பழுது பார்க்க வரும் கணினிகளில் பெரும்பாலானவை ஒரே புகாரோடுதான் வருகின்றன. உளவுநிரல் (நமக்குத் தெரியாமல் தகவல் திருடும் நிரல்) இருக்கிறது என்று கணினி ஓயாமல் எச்சரிக்கிறது, ஆனால் சோதித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்கிறது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை விளக்குவதற்கே எனக்குப் பாதி நேரம் போய்விடுகிறது. எச்சரிப்பது ஒருவராகவும் சோதிப்பது வேறொருவராகவும் இருக்கலாம். எச்சரிக்கை யாரிடமிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்காமல் தொடங்கும் எந்த வைத்தியமும் வீண். சில வேளைகளில் அந்த வைத்தியமே நோயாகிவிடும்.

எனவே, எதையும் அழிப்பதற்கு முன் அந்த எச்சரிக்கையைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது திரையின் எந்த இடத்தில் வந்தது, மேலே எந்தப் பெயர் இருந்தது, உலாவி திறந்திருந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வைஃபையைத் துண்டித்துவிட்டு, கணினியை மறுபடி தொடங்கி, உலாவியைத் திறக்காமல் கால் மணி நேரம் காத்திருங்கள். அப்போதும் எச்சரிக்கை வந்தால் அதைச் சொல்வது கணினிக்குள் குடியிருக்கும் ஏதோ ஒரு நிரல். வராமல் இருந்து, இணையத்தை இணைத்ததும் வந்தால், பெரும்பாலும் உலாவியின் வழியாக வருகிறது என்று பொருள். இச்சிறு சோதனை பிந்தைய அலைச்சலைப் பெரிதும் குறைத்துவிடும்.

வலது கீழ் மூலையில் சிறு பெட்டியாக வந்து மறைந்தால்

என்னிடம் மிக அதிகமாக வருவது இதுதான். "உங்கள் கணினியில் 5 நச்சுநிரல்கள் உள்ளன", "பாதுகாப்புச் சந்தா முடிந்துவிட்டது" என்று பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். பெயர்பெற்ற பாதுகாப்பு மென்பொருளின் சின்னம்கூட அதில் இருக்கும். ஆனால் பெட்டியின் மேல்பகுதியைக் கூர்ந்து பார்த்தால் கூகுள் குரோம் அல்லது மைக்ரோசாஃப்ட் எட்ஜ் என்ற பெயரும், அதன் அருகே நீங்கள் கேள்விப்பட்டிராத ஓர் இணைய முகவரியும் சிறிய எழுத்தில் தெரியும். இது நச்சுநிரல் அன்று, விளம்பரம். நீங்களே எப்போதோ கொடுத்த அனுமதியின் பேரில் ஓர் அகப்பக்கம் உங்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது.

அனுமதி கொடுத்த நினைவு யாருக்கும் இருப்பதில்லை. தொலைக்காட்சித் தொடரையோ புதுப் படத்தையோ திருட்டுத்தனமாகக் காட்டும் தளத்தில், "நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அலவ் பொத்தானை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும். பாட்டி தொடர் பார்க்கும் அவசரத்தில் அழுத்தியிருப்பார். பேரன் காற்பந்து ஆட்டம் பார்க்கும் அவசரத்தில் அழுத்தியிருப்பான். கணினியில் எந்தக் கோப்பும் புதிதாக இறங்கவில்லை, உலாவியின் அமைப்பில் ஓர் அனுமதி மட்டுமே பதிந்திருக்கிறது. ஆகையால்தான் எத்தனை முறை சோதித்தாலும் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றும் இல்லை என்கிறது, அது சொல்வது சரியும்கூட.

தீர்வு இரண்டு நிமிட வேலை. குரோமில் வலது மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற வரிசையில் செல்லுங்கள். செய்தி அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். அறிமுகமில்லாத ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, பிளாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரிமூவ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தளம் மறுமுறை அனுமதி கேட்கும். பிளாக் என்றால் கேட்கவே இயலாது. பிறகு அதே பக்கத்தின் மேற்பகுதியில், எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்ற தேர்வை இயல்பு நிலையாக வைத்துவிடுங்கள். வீட்டுக் கணினியில் அகப்பக்க அறிவிப்புகளால் கிடைக்கும் நன்மை ஒன்றையும் நான் இதுவரை கண்டதில்லை. எட்ஜில் பட்டியலின் இடம் பதிப்புக்குப் பதிப்பு நகர்வதால், அமைப்புப் பக்கத்தின் தேடல் கட்டத்தில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று தட்டித் தேடுவதே எளிது.

உலாவியை மூடிய பிறகும் பெட்டிகள் வருகின்றன என்றால் கலங்க வேண்டியதில்லை. குரோம் சாளரம் மூடிய பின்னும் பின்னணியில் ஓடக்கூடியது. செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பிரிவுக்குச் சென்று, மூடிய பின்னும் பின்னணிச் செயலிகளை ஓடவிடும் தேர்வை அணைத்துவிடலாம்.

திரை முழுவதையும் மறைத்து, குரல் பேசி, தொலைபேசி எண்ணைக் காட்டினால்

இது சத்தமும் நடுக்கமும் மிகுந்த அறிகுறி, ஆனால் தொடக்கத்தில் இதில் ஆபத்து மிகக் குறைவு. திரையில் மைக்ரோசாஃப்ட் சின்னம், சிவப்பு எச்சரிக்கை, "கணினியை அணைக்காதீர்கள்" என்று ஆங்கிலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லும் பெண் குரல், நடுவில் ஒரு தொலைபேசி எண். இவை அனைத்தும் முழுத்திரைக்கு விரிந்த ஒரே ஓர் அகப்பக்கம்தான். மைக்ரோசாஃப்டின் உண்மையான பிழைச் செய்திகளிலும் எச்சரிக்கைகளிலும் தொலைபேசி எண் இருப்பதே இல்லை என்று அந்நிறுவனமே அறிவித்திருக்கிறது. எனவே எண் தெரிந்த கணமே அது பொய் என்று தீர்மானித்துவிடலாம். வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகும். விலகாவிட்டால் ஆல்ட் விசையோடு எஃப்4. அதற்கும் மசியாவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, உலாவியின் பெயரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். அதுவும் முடியாதவர்கள் மின்பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். அணைத்தால் தரவு அழிந்துவிடும் என்று அந்தக் குரல் சொல்வது உங்களைத் தொலைபேசிக்கு ஓட வைப்பதற்காகத்தான்.

பலரும் தடுக்கி விழுவது அடுத்த படியில். உலாவியை மறுபடி திறந்ததும், விட்ட பக்கங்களைத் திரும்பத் திறக்கவா என்று அது கேட்கும். ஆம் என்று அழுத்தினால் அதே பக்கம், அதே குரல். விட்ட இடத்திலிருந்து தொடரும்படி அமைத்திருந்தாலோ, கேட்காமலே திறந்துவிடும். "அணைத்துப் போட்டும் போகவில்லை, ஆகவே நச்சுநிரல்தான்" என்று முடிவுகட்டி வருகிறவர்களின் கணினியில் நான் காண்பது பெரும்பாலும் இதைத்தான். வைஃபையைத் துண்டித்துவிட்டு உலாவியைத் திறந்தால் அந்தப் பக்கம் ஏற முடியாமல் வெறுமையாக நிற்கும். நிதானமாக அதன் தாவலை மூடிவிடலாம்.

அந்த எண்ணோடு ஏற்கெனவே பேசிவிட்டிருந்தால்

பேசியதோடு நிறுத்தியிருந்தால் பயமில்லை. அந்த எண்ணைத் தடை செய்துவிடுங்கள். ஆனால் அவர்கள் சொன்ன செயலியை இறக்கி, தொலைவிலிருந்து கணினியை இயக்க இடம் கொடுத்திருந்தால், அப்போது வரிசை முக்கியம். ஏனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை நல்ல காரியத்துக்கென உருவான செயலிகள், பாதுகாப்பு மென்பொருள் அவற்றைக் குற்றவாளியாகக் காட்டாது. ஆகவே சோதனையில் ஒன்றும் வரவில்லை என்பதை நம்பி இருந்துவிடக் கூடாது.

முதலில் கணினியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வங்கியின் 24 மணி நேர எண்ணை உங்கள் அட்டையின் பின்புறத்திலிருந்து பார்த்து அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பல வங்கிகளின் செயலியில் கணக்கை உடனே முடக்கும் பொத்தானே இருக்கிறது. பணம் போயிருந்தால் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி பதிலளிப்பு மையத்தை அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இம்மையம் காவல் துறை, மத்திய வங்கியான பேங்க் நெகாரா, வங்கிகள் ஆகியவற்றை ஒரே தொடர்பில் இணைத்து, கழுதைக் கணக்குகள் எனப்படும் இரவல் கணக்குகளின் வழியே பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க முயல்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் பொருட்டு என்பதால், குடும்பத்தாரிடம் சொல்லக் கூசிக்கொண்டு மறுநாள் வரை காத்திருப்பதுதான் இதில் நேரும் பெரிய இழப்பு. காவல் நிலையப் புகார் அதன் பிறகு.

கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். முதலில் மின்னஞ்சல், பிறகு வங்கி, அதன் பிறகு மற்றவை. மின்னஞ்சல் அவர்கள் கையில் இருக்கும்வரை மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் அதன் வழியே அவர்களால் திரும்ப மாற்ற முடியும். இத்தகைய கணினிக்கு நான் சில்லறை வைத்தியம் செய்வதில்லை; விண்டோஸை முழுதாகப் புதிதாக ஏற்றிவிடுவேன்.

கணினி திறந்ததும் ஏதோ ஒரு மென்பொருள் தானே சோதித்து நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்தால்

முழு வட்டையும் உண்மையாகச் சோதிக்க ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். பத்து விநாடியில் நூற்றுக்கணக்கான உளவுநிரல்களைக் கண்டுபிடித்து, நீக்குவதற்கு மட்டும் வெள்ளி கேட்கும் மென்பொருள் மிரட்டிப் பணம் பறிக்கும் வகையைச் சேர்ந்தது. "வேகமாக்கி", "சுத்தமாக்கி" என்ற பெயரில் வேறொரு இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு அது உள்ளே வந்திருக்கும்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குச் சென்று, பட்டியலை நிறுவிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளை ஒட்டி நிறுவப்பட்டவற்றுள் நீங்கள் அறியாதவற்றை நீக்குங்கள். நீக்க விடாமல் அடம்பிடித்தால், ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகச் சென்று 4 என்ற எண்ணை அழுத்தினால் பாதுகாப்பு முறையில் (சேஃப் மோட்) கணினி தொடங்கும். அந்நிலையில் பெரும்பாலான தொல்லைகள் எழுந்திருக்காது. ஒரு முன்னெச்சரிக்கை: புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பதால், இவ்வழியே செல்லும்போது விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் மீட்புக் குறியீட்டைக் கேட்கலாம். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் கைவசம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதைத் தொடங்குங்கள்.

கணினி வாங்கியபோதே உடன் வந்த பாதுகாப்பு மென்பொருளின் சோதனைக் காலம் முடிந்து, அது நாள்தோறும் சிவப்பு எழுத்தில் மிரட்டுவதும் இதே போலத் தோன்றும். அது பொய் மென்பொருள் அல்ல, வியாபாரம். பணம் கட்ட விருப்பமில்லையென்றால் நீக்கிவிடுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாகப் பொறுப்பேற்கும்.

விண்டோஸ் டிஃபெண்டரே ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால்

அறிவிப்பின் மேலே விண்டோஸ் செக்யூரிட்டி என்று இருந்து, அதை அழுத்தும்போது உலாவிக்குப் பதிலாக விண்டோஸின் சொந்தச் செயலியே திறந்தால், எச்சரிக்கை மெய்யானது. இப்போது புறக்கணிக்கக் கூடாது. அதே வேளையில், "நீக்கிவிட்டேன்" என்று அது சொன்ன பிறகும் மறுநாள் அதே பெயர் வருவதன் காரணத்தைப் பொறுமையாகத் தேட வேண்டும்.

புரொடெக்‌ஷன் ஹிஸ்டரியில் அந்த வரியை விரித்தால் இரண்டு செய்திகள் கிடைக்கும். ஒன்று பெயர். முக்காற்புள்ளிக்கு முன்னே வகையும், பின்னே இயங்குதளமும் குடும்பப் பெயரும் இருக்கும். ஹேக்டூல்:வின்32/ஆட்டோகேஎம்எஸ் என்று இருந்தால், யாரோ விண்டோஸையோ ஆபிஸையோ உரிமம் இல்லாமல் திறந்துவிட்டிருக்கிறார்கள். பியூஏ என்று தொடங்கினால் வேண்டாத ஒட்டுண்ணி மென்பொருள். டிரோஜன் என்று தொடங்கினால், நல்ல நிரல்போல் வேடமிட்டு உள்ளே வந்த தீய நிரல், விளையாட்டு இல்லை. இரண்டாவது செய்தி, பாதிக்கப்பட்ட கோப்பின் பாதை. பெயரைவிட இந்தப் பாதையே எனக்கு அதிகம் சொல்லும்.

பாதையில் குரோம், கேஷ் என்ற சொற்கள் இருந்தால் அது உலாவியின் தற்காலிகச் சேமிப்பில் கிடக்கும் துண்டு. உலாவல் தரவை அழித்தால் போதும். பாதையில் நீட்சிகளின் (உலாவியோடு சேர்க்கும் கூடுதல் சிறு செயலிகளின்) கோப்புறை இருந்து, அழித்த நீட்சி மறுநாளே முளைத்தால், உங்கள் கூகுள் கணக்கின் ஒத்திசைவு (சிங்க்) அதை மேகத்திலிருந்து திரும்ப இறக்குகிறது. ஒத்திசைவை நிறுத்தி, எல்லாக் கணினிகளிலும் அந்த நீட்சியை நீக்கிய பிறகே மறுபடி இயக்க வேண்டும். ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ கிடக்கும் கோப்பும் இப்படியே செத்துப் பிழைக்கும். பாதை டி அல்லது இ என்ற எழுத்தில் தொடங்கினால், குற்றம் எப்போதோ சொருகி வைத்த புறவட்டில் இருக்கலாம். ஆப்டேட்டா கோப்புறையில் பொருளற்ற எழுத்துகளாலான பெயரில் இருந்து, குறிப்பிட்ட நேரத்தில் தவறாமல் திரும்பி வந்தால், குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து அதே பாதையைச் சுட்டும் பணி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். கோப்பை மட்டும் கொன்றுவிட்டுப் பணியை விட்டுவைத்தால் அது மறுபடி படைத்துக்கொள்ளும்.

சில நேரங்களில் கோப்பு உண்மையிலேயே போய்விட்டிருக்கும். எச்சரிக்கை மட்டும் தங்கிவிடும். டிஃபெண்டர் தன் பழைய குறிப்பேட்டையே படித்துப் பயப்படுகிறது. சுட்டிய பாதையில் கோப்பு இல்லை என்று நேரில் உறுதிசெய்த பிறகு, சி வட்டின் மறைவான புரோகிராம்டேட்டா கோப்புறையில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் டிஃபெண்டர், ஸ்கேன்ஸ், ஹிஸ்டரி, சர்வீஸ் என்று உள்ளே சென்று டிடெக்‌ஷன்ஹிஸ்டரி என்ற கோப்புறையின் உள்ளடக்கத்தை அழியுங்கள். அழிக்க அனுமதி மறுத்தால் மேலே சொன்ன பாதுகாப்பு முறையிலிருந்து செய்யலாம்.

இன்னும் ஒன்றைப் பார்க்காமல் நான் எந்தக் கணினியையும் திருப்பித் தருவதில்லை. வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன் அமைப்பின் அடிப்பகுதியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பட்டியல் இருக்கிறது. அதில் உள்ளவற்றை டிஃபெண்டர் சோதிக்காது. திருட்டு மென்பொருள் நிறுவுவோர், "முதலில் பாதுகாப்பை அணையுங்கள், இந்தக் கோப்புறையை விலக்குங்கள்" என்ற குறிப்பை வேதவாக்காகப் பின்பற்றுவார்கள். உளவுநிரலும் உள்ளே வந்த கையோடு தன் பெயரை அங்கே எழுதிக்கொள்ளக்கூடும். தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து வந்த கணினியில் சி வட்டு முழுவதுமே விலக்கப்பட்டிருந்தது. வாசற்கதவுக்கு இரண்டு பூட்டு போட்டுவிட்டுப் பின்கதவைக் கழற்றி வைத்த கதை. வீட்டுக் கணினியில் இந்தப் பட்டியல் வெறுமையாகவே இருக்க வேண்டும்.

பட்டியலை வெறுமையாக்கிய பின், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைக் கொடுங்கள். கணினி மறுபடி தொடங்கி, விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே சோதிக்கும். ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். கண்டுபிடித்த பெயர் கடவுச்சொல் திருடும் வகையாக இருந்தால், கோப்பை நீக்கியதோடு வேலை முடியாது. அத்தகையவை உலாவியில் சேமித்த கடவுச்சொற்களோடு, உள்நுழைந்த நிலையைக் காக்கும் குக்கிகளையும் அள்ளிச் செல்கின்றன. ஆகவே வேறு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுவதோடு, எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள்.

"உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று குரோம் சொன்னால்

தேடுதளம் தானாக மாறி, மாற்றிய அமைப்பு நிலைக்காமல், குரோம் பட்டியலின் அடியில் இந்த வரி தெரிந்தால், உளவுநிரல் ஒன்று நிறுவனக் கொள்கை என்ற வேடத்தில் உட்கார்ந்திருக்கலாம். முகவரிக் கட்டத்தில் குரோம் என்ற சொல், முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்ற சொல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் தட்டினால், விதிக்கப்பட்ட கொள்கைகள் தெரியும். ஆனால் பள்ளிப் பிள்ளை உள்ள வீட்டில் அவசரப்பட வேண்டாம்: கல்வி அமைச்சின் டெலிமா கணக்கால் குரோமில் நுழைந்திருந்தாலும் இதே வரி வரும், அது முறையானது. உங்கள் சொந்தக் கணக்கின் சுயவிவரத்துக்கு மாறிப் பாருங்கள். அங்கே மறைந்துவிட்டால் குற்றம் ஏதுமில்லை. அங்கேயும் இருந்து, அறியாத நீட்சியைக் கட்டாயமாக நிறுவும் கொள்கை காணப்பட்டால், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் குரோம் கொள்கைகளின் பகுதியை நீக்க வேண்டியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தாங்களே தொட வேண்டாம் என்பேன்.

பென்டிரைவ் எனும் விரலியைச் சொருகும்போது மட்டும் வந்தால்

நகல் எடுக்கும் கடையில் அச்சடித்துவிட்டு வந்த விரலியாக இருக்கும். கோப்புகளை மறைத்துவிட்டு, அவற்றின் பெயரில் குறுக்குவழிகளை வைக்கும் பழைய வகை. விண்டோஸ் 7 முதல் விரலியிலிருந்து நிரல் தானாக ஓடுவதில்லை. குறுக்குவழியை நீங்கள் சொடுக்கினால்தான் தொற்றும். சொடுக்காமல், டிஃபெண்டரால் விரலியைச் சோதித்துவிட்டு, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்த கோப்புகளைக் காட்டும் தேர்வை இயக்குங்கள். அப்போதும் தெரியாவிட்டால், ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் இயங்குதளக் கோப்புகளை மறைக்கும் தேர்வையும் நீக்குங்கள். பிள்ளையின் பாடவேலை அங்கேயேதான் இருக்கும்.

எதற்கும் மசியாவிட்டால்

ஆஃப்லைன் சோதனைக்குப் பின்னும் அதே டிரோஜன் பெயர் திரும்பினால் புதிதாக ஏற்றுவதே சரி. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் புறவட்டில் எடுங்கள். நிறுவல் கோப்புகளையும் அமுக்கிய கோப்புகளையும் எடுக்க வேண்டாம், ஏனெனில் நோய் பெரும்பாலும் அவற்றிலேயே தங்கியிருக்கும். பிறகு செட்டிங்ஸில் ரீசெட் திஸ் பிசி சென்று, எல்லாவற்றையும் நீக்கும் தேர்வைக் கொடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிந்துவிட்டதால், ஆதரவு முடிந்ததாக விண்டோஸே காட்டும் அறிவிப்பு மெய்யானது. அதைக் கண்டு கணினியை என்னிடம் தூக்கி வந்தவர்களும் உண்டு. கணினியில் டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு இருந்து, மற்ற தகுதிகளும் பொருந்தினால் விண்டோஸ் 11-க்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் 2026 அக்டோபர் 13 வரையிலான நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் பதிந்துகொள்ளலாம்.

ஏற்றி முடித்ததும் உலாவியில் உள்நுழைவதற்கு முன், ஒத்திசைவில் நீட்சிகளை மட்டும் விலக்கிவிடுங்கள். தேவையானதை ஒவ்வொன்றாக நீங்களே நிறுவுங்கள். புறவட்டில் எடுத்து வைத்த கோப்புகளைத் திரும்ப நகலெடுப்பது, அந்த வட்டை முழுதாகச் சோதித்த பிறகு.